ஆத்திர அவசரத்துக்கு வைத்த பணம்

"ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லி எதையாவது எடுத்து வைக்காத வீடு தமிழ்நாட்டில் அரிது. அரிசிப் பானைக்குள்ளே, கடுகு டப்பாவுக்குள்ளே, புடவை மடிப்புக்குள்ளே, அஞ்சலகப் புத்தகத்திலே, கழுத்துச் சங்கிலியிலே என்று அந்தப் பணம் பல உருவங்களில் இருந்து வந்திருக்கிறது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் சேர்ப்பதற்குச் சிறுவாடு என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம். சேர்ப்பதைப் பற்றிச் சொல்லித்தர நமக்கு ஆட்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களில் சஞ்சயிகா சேமிப்புத் திட்டம் இருந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 30 அன்று சிக்கன நாள் கொண்டாடி, சிறுசேமிப்பின் பெருமை பற்றிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்தோம். சேர்த்ததை எந்த நாளில் எடுக்கலாம், எந்த நாளில் தொடக் கூடாது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. அதைக் கற்றுத் தந்தவை சில பொல்லாத ஆண்டுகள்தாம். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாமல் போனது, 2018இல் கஜா புயல், 2020இல் ஊரடங்கு. இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப் படுகிறது. சேமிப்பை எடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்று நமக்குத் தெரியும். எடுக்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது தெரிவதில்லை. இந்த இரண்டாவது விலையைக் கணக்கில் எழுதாததால்தான் எடுக்க வேண்டிய நாளில் வட்டிக்கு வாங்குகிறோம், எடுக்கக் கூடாத நாளில் எடுத்துத் தீர்த்துவிடுகிறோம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. அதே 40,000 தேவைப்படுகிறது. "அதுல கை வைக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டியில் கடன் வாங்குகிறார்கள். மூன்று வட்டி என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். அது மாதத்துக்கு மூன்று, ஆண்டுக்கு முப்பத்தாறு. மாதம் 1,200 ரூபாய் வட்டி மட்டும் போகும். ஒரு ஆண்டில் 14,400. அதே ஆண்டில் அஞ்சலகத்தில் இருக்கும் பணம் 4 சதவீத வட்டியில் 1,600 ரூபாய் ஈட்டும். ஆக, தொடாமல் வைத்திருக்கிறோம் என்ற நிம்மதிக்கு அந்தக் குடும்பம் ஆண்டுக்கு 12,800 ரூபாய் கொடுக்கிறது. இன்னும் நீட்டிப் பார்த்தால், முப்பத்து மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டியவர் 39,600 ரூபாய் கட்டி முடித்திருப்பார். வாங்கிய அசலுக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை போய்விட்டது; அசல் அப்படியே நிற்கிறது. தண்டல் இதைவிடக் கொடுமையானது. கையில் 9,000 கொடுத்துவிட்டு நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலித்தால், அன்றாடம் குறைந்துகொண்டே வரும் நிலுவையை வைத்துப் பார்க்கையில் அது ஆண்டுக்கு எண்பது சதவீத வட்டியை ஒட்டி வரும். 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோது தண்டல், மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, நாள் வட்டி என்று பெயர் சொல்லியே தடுத்தார்கள். இத்தனை பெயர்கள் சட்டத்துக்குள் ஏறும் அளவுக்கு இவை நம் தெருக்களில் புழங்கியிருக்கின்றன.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "எடுத்தா திரும்பச் சேராது" என்பதுதான். இந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களிடம் ஓராண்டு முழுக்கப் பணக்குறிப்பு கேட்டு எழுதி, 2009இல் 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த புவர்' என்று ஒரு புத்தகம் வந்தது. அதில் விஜயவாடாவின் குடிசைப் பகுதிப் பெண் ஒருவரைப் பற்றி வருகிறது. எடுக்கக்கூடிய சேமிப்பு கையில் இருந்தும், அதைவிடச் சிறிய தொகையை மாதத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டியில் அவர் கடனாக வாங்கினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தின் சாரம் இது: இவ்வளவு வட்டி என்றால் பயத்திலேயே சீக்கிரம் அடைத்துவிடுவேன், சேமிப்பை எடுத்தால் அதை மறுபடி சேர்க்க வெகுகாலம் ஆகும். தன் மனத்தைத் தெரிந்து வைத்திருப்பவரின் பேச்சு இது. 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தை மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்வதைப் பற்றி விரிவாக எழுதியவர். நம் பாட்டிகள் அதைச் சுருக்குப் பையின் தனித்தனி முடிச்சுகளாகவே செய்து வந்தார்கள். முடிச்சு அவிழ்ந்தால் பணம் கரைந்துவிடும் என்ற பயம் அனுபவத்தில் வந்த பயம்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வட்டிக்காரர்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. வட்டிக்காரர் நமக்குத் தருவது இரண்டு: பணமும், மாதா மாதம் கதவைத் தட்டும் கட்டாயமும். பணம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆக, வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து நாம் வாங்குவது அந்தக் கட்டாயத்தை மட்டும். அதை வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ள முடியும். எடுத்த அன்றைக்கே அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, வட்டிக்காரருக்குக் கட்டியிருக்க வேண்டிய அதே 1,200 ரூபாயை அதில் கட்டினால், மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் எடுத்த தொகை திரும்பி வந்துவிடும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. அங்கே வாராவாரம் முகம் பார்த்துக் கேட்க ஆள் இருக்கிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய அந்தக் குழுக்களின் பெரிய பலம் வங்கிக் கடன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சந்தாவைத் தவறாமல் கட்ட வைக்கும் அந்தக் கூட்டம்தான் பெரிய பலம் என்பது என் எண்ணம்.

கடன் இன்னொன்றையும் தின்கிறது. அது ரூபாயில் எழுத முடியாதது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் செய்த அந்த ஆய்வு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பெரும்பணம் வரும். வெட்டுக்கு முன்னால் கை வறண்டிருக்கும். வெட்டு முடிந்து ஆலை பணம் கொடுத்தபின் கை நிறைந்திருக்கும். அதே மனிதரை இரண்டு நேரத்திலும் சோதித்தார்கள். வெட்டுக்கு முன்பு நூற்றுக்கு 78 பேரின் பொருள் அடகில் இருந்தது, பின்பு 4 பேருடையது மட்டும். புத்தியைக் கூர்மையாக்கிச் செய்ய வேண்டிய சோதனைகளில் அதே ஆள் வெட்டுக்கு முன்பு மோசமாகவும் பின்பு நன்றாகவும் செய்தார். பணக் கவலை தலைக்குள்ளே இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற யோசனைகளுக்கு இடம் விடுவதில்லை என்பது அதன் பொருள். நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்குத் தெளிந்த புத்தி மற்ற எந்த நேரத்தையும்விட அதிகம் தேவை. எந்த மருத்துவமனை, எந்த வேலை, வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா என்று பெரிய முடிவுகள் எல்லாம் அந்த வாரத்தில்தான் வரும். அந்த வாரத்தில் வட்டித் தேதியையும் தலையில் ஏற்றிக்கொள்வது அந்த முடிவுகளையும் கெடுக்கும்.

சரி, எது அவசரம்? இங்கேதான் நாம் அடிக்கடி ஏமாறுகிறோம். தேதி தெரிந்த செலவு எதுவும் அவசரம் ஆகாது என்பது என் முதல் அளவுகோல். தீபாவளி ஆண்டுதோறும் வருகிறது. பள்ளிக் கட்டணம் ஜூனில் வருகிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் முடியும் தேதி தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அக்கா மகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் செய்ய வேண்டும் என்பது குழந்தை பிறந்த அன்றே தெரியும். இவை பெரிய செலவுகள், தட்ட முடியாத செலவுகள், மரியாதை சம்பந்தப்பட்ட செலவுகள். இருந்தாலும் திடீர்ச் செலவுகள் அல்ல. இவற்றுக்கென்று தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தனி ஏற்பாடுகளை நம் ஊர் வெகுகாலமாக வைத்திருக்கிறது. அந்தச் சீட்டைப் போடாத ஆண்டில்தான் அவசரத்துக்கு வைத்த பணத்தின் மேல் கை போகிறது. சபையில் தலை குனியக் கூடாது என்ற தவிப்பு எவ்வளவு உண்மையானது என்பதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தவிப்புக்குத் தனிப் பானை வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது அளவுகோல், தள்ளிப்போட்டால் கெட்டுப்போகிறதா என்பது. சர்க்கரை நோயாளியின் காலில் புண். இன்றைக்குக் கட்டுப் போட்டு மருந்து வாங்க நூற்றுக் கணக்கில் ஆகும். மூன்று வாரம் கழித்துப் போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். ஆட்டோவின் இன்ஜின் நின்றுவிட்டது என்றால் பழுது பார்க்கும் கூலி ஒரு பக்கம், வண்டி ஓடாத ஒவ்வொரு நாளின் வருமானமும் இன்னொரு பக்கம். தையல் மிஷின், கறவை மாடு, ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார், வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மடிக்கணினி எல்லாம் இந்த வரிசையில் வரும். சம்பாதிக்கும் கருவி படுத்துவிட்டால் அதற்குச் சேமிப்பை எடுப்பதில் தயங்கவே கூடாது. அது மறுநாளே திரும்பிவரத் தொடங்கும் பணம். ஆனால் நம் வீடுகளில் மருத்துவமனைப் படுக்கை மட்டும்தான் அவசரமாகத் தெரிகிறது. படுக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னச் செலவு கண்ணில் படுவதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் அந்த அட்டை முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்த பிறகு செய்யும் சிகிச்சைக்கானது. சேர்வதற்கு முன்னால் வெளியில் எடுக்கும் பரிசோதனைகள், மாதா மாதம் வாங்கும் மாத்திரை, கூட இருப்பவரின் சாப்பாடு, இருவரும் இழக்கும் கூலி எல்லாம் கைக்காசு. தேசியச் சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தது. 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது குறைந்திருக்கிறது என்பது ஆறுதல். மீதி இருப்பதும் சிறிது அல்ல.

எப்போது எடுப்பது என்ற கேள்வியோடு, எடுக்க முடிகிற இடத்தில் இருக்கிறதா என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும். அதை 2015 டிசம்பர் சென்னைக்குக் காட்டியது. முதல் தேதி கொட்டிய மழையில் அடையாறு கரை மீறியது. முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல் என்று வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய இடங்களின் பெயர்கள் இன்னும் வரிசையாக ஞாபகத்தில் இருக்கின்றன. மின்சாரம் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன, அவற்றோடு ஏடிஎம்களும் நின்றன. வங்கியில் லட்சங்கள் வைத்திருந்தவரும் பால் பாக்கெட் வாங்கக் கையில் நோட்டு இல்லாமல் நின்ற நாட்கள் அவை. சில்லறையாக ஆயிரம் இரண்டாயிரம் வைத்திருந்தவர் பிழைத்தார். அரிசிப் பானைக்குள்ளும் பீரோவின் அடித்தட்டிலும் வைத்திருந்தவர்களுக்கோ பணமே நனைந்தது. ரேஷன் அட்டை, பாஸ்புக், பத்திரம் எல்லாம் கூழாகி, நகல் வாங்க அரசின் சிறப்பு முகாம்களில் வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம், வீட்டில் ரொக்கம் இருக்க வேண்டும் என்பது.

பதினோரு மாதம் கழித்து அந்தப் பாடம் அப்படியே தலைகீழானது. 2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அன்று நள்ளிரவோடு செல்லாமல் போனது. ரொக்கமாக வைத்திருந்தவர்களே அப்போது அதிகம் அலைந்தார்கள். சிறுவாடாகச் சேர்த்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் புடவை மடிப்புகளிலிருந்து வெளியே வந்தன. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் விசாரணை இருக்காது என்று அரசே அறிவிக்க வேண்டி வந்தது. மாற்றிக்கொள்ள முதலில் 4,000 என்றார்கள், பிறகு 4,500, பிறகு 2,000, பிறகு மாற்றுவதையே நிறுத்தினார்கள். அந்த வரிசைகள் இன்னும் தீராமல் இருந்தபோதே டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஓராண்டும் சில நாட்களுக்குள் மூன்று அடி. வெள்ளம் வங்கியை மூடியது, நவம்பர் பானையை மூடியது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் கிடைப்பது எளிய முடிவு: ஒரு வாரச் செலவுக்குச் சிறு நோட்டுகளாகக் கையில், பெரும்பகுதி எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில், அதுவும் ஒரே வங்கியில் முழுவதையும் போடாமல். இதில் விரித்துச் சொல்ல அதிகம் இல்லை.

விரித்துச் சொல்ல வேண்டியது வேறொன்று. துன்பத்தில் இரண்டு வகை உண்டு: வீட்டுக்கு வந்தது, ஊருக்கே வந்தது. சேமிப்பை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடையில் பாதி இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை வேடிக்கையாக எழுதுவதுண்டு. உண்மையில் அது எழுதி வைத்த கணக்கோடு நடக்கும் பரஸ்பரக் காப்பீடு. ஒருவர் வீட்டில் தேவை வரும்போது நூறு வீடு சேர்ந்து கொடுக்கிறது. அவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் நூறு வீட்டுக்கும் திருப்பிச் செய்கிறார். வட்டி கிடையாது. வீட்டுக்கு வந்த துன்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த வங்கியிலும் இல்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறி, இதே வட்டாரத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மொய் வாங்க வேண்டியவரின் தோப்பும் விழுந்தது, மொய் செய்ய வேண்டியவரின் தோப்பும் விழுந்தது. தென்னம்பிள்ளை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டு வேண்டும். எல்லார் கையும் ஒரே நேரத்தில் வறண்டுவிட்டால் பரஸ்பரம் என்ற சொல்லுக்கே பலம் இல்லாமல் போகிறது.

ஆகவே துன்பம் நம் வீட்டுக்கு மட்டும் வந்ததாக இருந்தால், முதலில் சுற்றிப் பார்க்கலாம். வட்டியில்லாக் கைமாற்று கிடைக்குமா, மொய்க்கணக்கில் வர வேண்டியது இருக்கிறதா, வேலை செய்யும் இடத்தில் முன்பணம் தருவார்களா என்று. அவை கிடைத்தால் சேமிப்பில் ஒரு பகுதியை மிச்சம் வைக்கலாம். கைமாற்று வாங்குவது மானக்குறைவு என்று நினைப்பவர்கள் மூன்று வட்டிக்கு வாங்குவதை மானமாக நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. துன்பம் ஊருக்கே வந்ததாக இருந்தால் சுற்றிப் பார்த்துக் காலத்தைக் கடத்தக் கூடாது. அப்போது கொடுக்க யாரிடமும் இருக்காது. கொடுப்பவர் கேட்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும். அந்த நாளுக்காகத்தான் பணம் வைத்தோம். அன்று முதல் நாளிலிருந்தே அளந்து எடுக்க வேண்டும். அளந்து என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்கு வந்த துன்பம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரிவதில்லை.

2020 மார்ச் 24 இரவு அறிவித்த ஊரடங்கு 21 நாளுக்கானது. அந்த 21 எத்தனை மாதங்களாக நீண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அறிவித்த நான்காம் நாளே வருங்கால வைப்புநிதியில் கதவு திறந்தது: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது கணக்கில் இருப்பதில் 75 சதவீதம், எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2021இல் இரண்டாம் அலையின்போது இன்னொரு முறையும் அனுமதித்தார்கள். வேலை போனவருக்கு, சம்பளம் நின்றவருக்கு அது உயிர்நாடி. எடுத்தது சரி. ஆனால் சம்பளம் நிற்காமல் வந்துகொண்டிருந்தவர்களும், கதவு திறந்திருக்கிறது என்பதற்காகவே எடுத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு யோசனை. 8 சதவீத வட்டியில் விட்டிருந்தால் 50,000 ரூபாய் இருபது ஆண்டுகளில் 2,33,000 ஆகியிருக்கும். இங்கே எடுப்பதன் விலை அதுதான். மூன்று வட்டிக் கடனைத் தவிர்ப்பதற்காகவோ, இருக்கும் கடனை அடைப்பதற்காகவோ எடுத்தவருக்கு அந்த விலை நியாயமானது. 36 சதவீதம் போவதை 8 சதவீதத்தை விட்டுக்கொடுத்துத் தடுத்திருக்கிறார். புதுக் கைப்பேசிக்காக எடுத்தவர் தன் அறுபதாவது வயதிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார். அரசு அனுமதிப்பது ஒரு வழியைத் திறந்து வைப்பது மட்டும். நம் வீட்டின் நேரம் வந்துவிட்டதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். வங்கித் தவணையை 2020 ஆகஸ்ட் 31 வரை ஒத்திவைத்தபோதும் இதே குழப்பம் நடந்தது. தவணை தள்ளிப்போனதே தவிர வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கட்ட முடிந்தவர்கள் கட்டியிருக்கலாம்.

இப்போது வலுவான ஆட்சேபம் ஒன்றுக்கு வருகிறேன். "இன்னைக்கு எடுத்துட்டோம், நாளைக்கு இதைவிடப் பெரிசா வந்தா?" 2015, 2016ஐப் பார்த்தவர்கள் இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள். அடிகள் தனித்தனியாக வருவதில்லை. கணக்குப்படியும் இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது: 40,000 சேமிப்பும் 40,000 கடனும் வைத்திருப்பவருக்கு, இரண்டும் இல்லாதவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அடுத்த அடிக்குக் கையில் பணம். ஊரே முடங்கும் நாளில் அந்தப் பணத்தின் மதிப்பு அதன் எண்ணிக்கையைவிடப் பெரிது. இதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் துடைத்து எடுக்க வேண்டாம் என்கிறேன். ஒரு மாத அரிசி, பால், வாடகை, மருந்துக்கான தொகையை அடியில் விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுப்பது. அதற்கும் மேல் தேவைப்படுவதை மட்டும் குறைந்த வட்டியில் தேடுவது. இப்படிச் செய்தால் கடன் முழுத்தொகைக்கும் ஆகாது, கையும் முழுதாகக் காலியாகாது. அடித்தட்டை எவ்வளவு வைப்பது என்பது வீட்டுக்கு வீடு மாறும். மூன்று முதல் ஆறு மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள் என்று நிதி ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். கட்டட வேலைக்குப் போகிறவரிடம் ஆறு மாதத்தைச் சொன்னால் அவர் சேர்க்கவே தொடங்கமாட்டார். ஒரு மழைவாரத்துக்கான கூலி என்று சொன்னால் தொடங்குவார்.

நகை இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் தங்கம்தான் பழைய அவசரச் சேமிப்பு, அதை நான் குறை சொல்லமாட்டேன். வங்கியில் அடகு வைத்தால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது பத்து சதவீதம். மூன்று வட்டியோடு ஒப்பிட்டால் கால் பங்கு. ஊரடங்கு ஆண்டில், ஆகஸ்ட் முதல் மறு மார்ச் வரை, நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்ததே, தங்கம் எவ்வளவு பேருக்குக் கைகொடுத்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் 90 சதவீதம் வாங்கினவர் திருப்ப வேண்டிய பாரமும் அதே அளவுக்கு ஏறுகிறது. வட்டி கட்டி மாற்றி வைத்து, மாற்றி வைத்து, கடைசியில் ஏல நோட்டீஸ் வரும்போது நகையும் போகிறது, கட்டிய வட்டியும் போகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை 2021இல் அரசு தள்ளுபடி செய்தது போல மறுபடியும் நடக்கும் என்று காத்திருப்பது திட்டம் ஆகாது. ரொக்கச் சேமிப்பு தீர்ந்து அடித்தட்டு தெரியும்போது நகையை எடுக்கலாம். கணக்கில் பணம் சும்மா கிடக்க நகையைக் கொண்டுபோய் வைப்பது, பத்து சதவீதம் கொடுத்து நான்கு சதவீதத்தைக் காப்பாற்றுவது.

சேமிக்கவே வழியில்லாதவரிடம் இதையெல்லாம் பேசுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கும் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே போதாதவருக்குத் தேவை கூலி உயர்வும், ரேஷனும், காப்பீடும். சேமிப்பை அவற்றுக்கு மாற்றாகச் சொல்லும் எந்தப் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நாளுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைக்கும் பெண்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் மூவாயிரம், மற்றவரின் மூன்று லட்சத்தைவிடக் கவனமாகச் செலவாக வேண்டியது. இந்தக் கணக்கு அவர்களுக்கே அதிகம் உதவும்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: யாருடைய அவசரம்? சிறுவாட்டைச் சேர்ப்பவள் பெண். அது உடைவது பெரும்பாலும் கணவனின் வண்டிக்கு, மகனின் கல்லூரிக்கு, மாமியாரின் கண் அறுவைக்கு. இவற்றில் பலவும் மேலே சொன்ன அளவுகோல்களில் தேறுபவைதான். அவளுடைய உடம்பு மட்டும் அந்த வரிசையில் வருவதே இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாதக்கணக்கில் அதிகமாகப் போகும் ரத்தம், மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சு, மார்பில் தட்டுப்படும் சின்னக் கட்டி ஆகியவை தள்ளிப்போட்டால் கெட்டுப்போகும் வகையைச் சேர்ந்தவை. தேதி சொல்லாமல் வருபவை. சம்பாதிக்கிற கையையும் சமைக்கிற கையையும் ஒன்றாகப் படுக்கவைக்கக்கூடியவை. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் முதலில் நிற்க வேண்டியவை இவை. 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை அவள் பெயரிலேயே வங்கிக்கு வருகிறது. சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை. மருத்துவமனை வாசல் வரை போவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டும் வருகிறாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலாக மடிந்து, பணம் இருக்கும் அதே கடுகு டப்பாவுக்குள் கிடக்கிறது.